இருபத்தைந்து நிமிடம்

பதினோராம் வகுப்புக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் நடத்தும் நாளில் கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் பரிவு நரம்புகள், வலப்பக்கம் எதிர்ப்பரிவு நரம்புகள். கண்பாவை விரியும், சுருங்கும். இதயத்துடிப்பு கூடும், குறையும். எச்சில் வற்றும், சுரக்கும். செரிமானம் நிற்கும், நடக்கும். பிள்ளைகளுக்குப் புரிவதற்காக ஒரு நாயைத் துரத்தவிடுவேன். "நாய் துரத்துறப்ப பசிக்குமா?" என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். பத்தொன்பது வருடமாக அதே நாய்தான்.

2022 ஆகஸ்டில் ஓர் இரவு, மூன்று மணி இருக்கும், அந்த நாய் என் படுக்கைக்கே வந்துவிட்டது. இதயம் தொண்டையில் அடித்தது. இடது கை மரத்துப்போனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கணவரை எழுப்பி, மாமியாரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். சரியாக இருந்தது. என் மகன் வயதுள்ள டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு என் கணவரிடம் சொன்னார்: "ஒண்ணுமில்ல சார். டென்ஷன்தான். ரிலாக்ஸா இருக்கச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது என் கணவர் பெருமூச்சு விட்டார். எனக்கும் நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'ஒண்ணுமில்ல' வீடு வரைக்கும் கூடவே வந்தது. மணி ஐந்து ஆகியிருந்தது. படுக்க நேரமில்லை. மாமியாருக்கு டயப்பர் மாற்றிவிட்டு உலை வைத்தேன்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. வலப்பக்கம் வராது, பேச்சு குழறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவில்லை என்றால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் ஓர் ஆயாம்மா வருவார். மாலை ஐந்திலிருந்து காலை எட்டு வரை நான். அத்தை என்னைக் கொடுமைப்படுத்தியவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கட்டுரைகளில் மாமியார் என்றாலே ஒரு முகம் வந்துவிடுகிறது. நல்ல மனுஷி. நல்ல மனுஷிக்கும் இரவு இரண்டு மணிக்கு யாராவது எழ வேண்டும்.

பரிவு என்ற சொல்லைப் பாருங்கள். ஆபத்து வரும்போது இதயத்தை ஓடவிடுகிற நரம்புக்குத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பரிவு நரம்பு என்று பெயர். ஓய்வு கொடுக்கிற நரம்புக்கு எதிர்ப்பரிவு நரம்பு. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தவர்கள் பெண்களை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய எனக்கு அந்த வேடிக்கை அந்த ஆகஸ்டுக்குப் பிறகுதான் உறைத்தது.

நாய் போய்விட்டால் உடம்பு தானாக அடங்கும் என்பது பாடம். மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் சுரக்கும். போதுமான அளவு வந்ததும் அந்தக் கார்டிசாலே மேலே போய் 'போதும், நிறுத்து' என்று சொல்லும். நாய் போகவே இல்லை என்றால்? புரூஸ் மக்யூவன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் 1993இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் தேய்மானச் சுமை என்று சொல்லலாம். சமாளித்துக்கொண்டே இருப்பதற்கு உடம்பு கொடுக்கிற விலை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், நினைவாற்றல் எல்லாவற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளும். என் கணக்கில் முதலில் கழிந்தது பற்கள். தூக்கத்தில் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் தேய்ந்திருந்ததைப் பல் டாக்டர் காட்டினார்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஷெல்லி டெய்லரும் அவருடைய சகாக்களும் 2000இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு கணக்கு வரும்: 1995க்கு முன் மன அழுத்தம் பற்றி மனிதர்களிடம் நடந்த ஆய்வுக்கூடச் சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் பெண்கள் ஏறத்தாழ 17 சதவீதம்தான். 'சண்டை போடு அல்லது ஓடு' என்று நான் ஆண்டுதோறும் நடத்திய பாடம் பெரும்பாலும் ஆண்களை (ஆண் எலிகளையும்) வைத்து எழுதப்பட்டது. தூக்க முடியாத ஒருவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது, யாரோடு சண்டை போடுவது?

நம் ஊர்ச் சுவர்களில் 'நரம்புத் தளர்ச்சியா?' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் இருக்கும். சின்ன வயதில் அம்மாவிடம் அது என்ன நோய் என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர்கள் ஆண்களைக் கூப்பிட்ட விளம்பரம் அது. பெண்களின் நரம்புக்குச் சுவரில் இடமில்லை. எங்களுக்குப் பேய் பிடிக்கும், இல்லை என்றால் ஹிஸ்டீரியா. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்து ஹிஸ்டீரியா என்ற பெயரை எடுத்தது 1980இல். 'டென்ஷன்தான்' அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை என்று நினைக்கிறேன்.

சிஸ்டரிடம் என்னை அனுப்பியது எங்கள் பள்ளி நூலகர். முப்பது வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்று, அக்குபஞ்சர் படித்து, உறையூரில் ஒரு மாடி அறையில் பெண்களுக்கு மட்டும் பார்க்கிறார். ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய். நான் உயிரியல் ஆசிரியர். உடம்பில் கண்ணுக்குத் தெரியாத பாதைகளில் சக்தி ஓடுகிறது என்பதை நம்பிப் போகவில்லை. வேறு வழி தெரியாமல் போனேன்.

அவர் ஊசியைத் தொடுவதற்கு முன் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் படுப்பீங்க, எத்தனை தடவை எழுந்திரிப்பீங்க, மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகும், எத்தனை துணி. நாற்பத்தாறு வயதில் மாதத்துக்கு இரண்டு முறை கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டிருந்தது. அதை அவசரப் பிரிவில் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. "ரத்தமும் தைராய்டும் பாத்துட்டு வாங்க டீச்சர். அப்பறம் ஊசி போடுறேன்," என்றார். எட்டு வருடமாக நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.6.

ரத்தசோகை இருந்தாலே இதயம் வேகமாக ஓடும். இருக்கிற கொஞ்சம் ரத்தத்தைச் சீக்கிரம் சீக்கிரம் சுற்றவிட வேண்டும் அல்லவா. அதையும் நான்தான் பத்தாம் வகுப்பில் நடத்துகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு ஐம்பத்தேழு பேருக்கு இருக்கும் ஒன்று 'ஒண்ணுமில்ல' ஆகிவிடுகிறது. சிஸ்டர் என்னை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. மாத்திரையும் இரும்புச்சத்தும் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் ஊசி.

செவ்வாய், வெள்ளி மாலை ஐந்தரை. மேசை மேல் மெல்லிய மெத்தை, வெள்ளை விரிப்பு, உரித்து ஒரே முறை பயன்படுத்தும் ஊசிகள். ஊசி என்றதும் நமக்கு நினைவு வருகிற ஊசி இல்லை. உள்ளே துளை கிடையாது, தடித்த தலைமுடி அளவுதான். புருவ மத்தியில் ஒன்று. மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் ஒன்று. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல் தள்ளி ஒன்று. முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி வெளிப்பக்கம் ஒன்று. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒன்று. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி. பிறகு அந்த இடத்தில் ஒரு பாரம், ஒரு மந்தமான குடைச்சல். "வந்துருச்சா டீச்சர்?" என்பார். வந்துவிட்டது என்றால் விளக்கைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். இருபத்தைந்து நிமிடம்.

முதல் நாள் பத்தாவது நிமிடத்தில் வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது. வெட்கமாக இருந்தது. பிறகு கரும்பலகையின் வலப்பக்கம் ஞாபகம் வந்தது. செரிமானம் நடக்கும், எச்சில் சுரக்கும். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் ஊசி. விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாது. சிஸ்டர் தட்டி எழுப்பினார்.

ஒரு மாதத்தில் இரவு எழுந்தாலும் திரும்பப் படுத்ததும் தூங்க முடிந்தது. மூன்றாவது மாதம் தாடை வலி போய்விட்டது. எது செய்தது? ஊசியா, இரும்புச்சத்து மாத்திரையா? ஆசிரியர் புத்தி, விடை தெரியாமல் இருக்க முடியாது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் சில ஊசியின் பக்கம் நின்றன. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் 1970களில் ஊசி போட்ட முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து ஊசி போடாத முயலுக்குள் செலுத்தியபோது இரண்டாவது முயலுக்கும் வலி குறைந்தது. உடம்பே தயாரிக்கும் அபின் போன்ற வேதிப்பொருட்கள் அதற்குக் காரணம் என்று பின்னால் பல ஆய்வுகள் காட்டின. 2021இல் ஹார்வர்டில் கியூஃபு மாவின் குழு சுண்டெலிகளின் பின்னங்காலில், என் முழங்காலுக்குக் கீழே சிஸ்டர் குத்தும் அதே புள்ளியில், ஊசி வழியாக மெல்லிய மின்தூண்டல் கொடுத்தது. வேகஸ் நரம்பு வழியாக அட்ரினலுக்குச் செய்தி போய் உடம்பின் அழற்சி அடங்கியது. வயிற்றில் அதே அளவு தூண்டியபோது அப்படி நடக்கவில்லை. காலில் அந்த இடத்தில் அதற்கென்று நரம்பிழைகள் இருக்கின்றன. பாதையும் சக்தியும் வேண்டாம், நரம்பே போதும். படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சில அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தன. ஜெர்மனியில் 1162 முதுகுவலிக்காரர்களை மூன்றாகப் பிரித்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. முறையான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. ஊசி பலன் தருகிறது, ஆனால் எங்கே குத்தினால் என்ன என்கிற மாதிரி.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது டெட் காப்சக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு. குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேர். ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையே இல்லை, காத்திருப்போர் பட்டியல்தான். ஒரு பகுதியினருக்கு உள்ளே இறங்காத போலி ஊசி, பேச்சு அதிகமில்லாமல். மூன்றாவது பகுதியினருக்கு அதே போலி ஊசி, கூடவே நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து விசாரித்து, காது கொடுத்துக் கேட்கும் மருத்துவர். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் என்று சொன்னவர்கள்: 28 சதவீதம், 44 சதவீதம், 62 சதவீதம். சிஸ்டர் என்னிடம் கேள்வி கேட்ட அந்த முக்கால் மணி நேரத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று அன்று தெரிந்தது.

இதை சிஸ்டரிடம் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இருக்கட்டுமே டீச்சர். ஊசி இல்லாம சும்மா இருபத்தஞ்சு நிமிஷம் படுங்கன்னு சொன்னா படுப்பீங்களா?" என்றார்.

படுக்க மாட்டேன். வீட்டில் முயன்று பார்த்தேன். ஒரு ஞாயிறு மதியம் அறைக் கதவைச் சாத்தினேன். ஏழாவது நிமிடம் கேஸ்காரர். பன்னிரண்டாவது நிமிடம், சார்ஜர் எங்கே என்று மகன். பதினைந்தாவது நிமிடம் யாரும் கூப்பிடவில்லை, நானே எழுந்து பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. ஆனால் எழுவதற்குத் தயாராகப் படுத்திருக்கும் நிமிடங்களை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? ஊசி குத்தியிருக்கும்போது மட்டும்தான் நான் எழ முடியாது. யாரும் எழுப்பவும் முடியாது. வைத்தியம் என்பதால் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. 'சும்மா படுத்திருக்கா' என்று யாரும் சொல்லவில்லை.

அந்த மரியாதையை நான் கேள்வி இல்லாமல் நம்பியதுதான் அடுத்து வந்தது.

2023 மார்ச்சில் சிஸ்டர் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனார். மூன்று மாதம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு சகோதரி பரிந்துரைத்தாள் என்று வேறொருவரிடம் போனேன். கூட்டமான இடம். நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் சில விநாடி தொட்டு அனுப்பிவிடுவார். கேள்வி இல்லை. படுக்கை இல்லை. "இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்துங்க. உடம்புக்குத் தன்னைச் சரிபண்ணிக்கத் தெரியும். உங்க நோய் மனசுல இருக்கு. பொம்பளைங்களுக்கு எல்லாமே மனசுலதான்," என்றார்.

நிறுத்தினேன். உயிரியல் ஆசிரியர், தைராக்சின் என்ன செய்யும் என்று பாடம் நடத்துகிறவள், நிறுத்தினேன். இதை எழுத இரண்டு வருடம் தயங்கினேன். ஏன் என்று இப்போது யோசித்தால், யாரோ ஒருவர் 'இனி இத்தனை மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்' என்று சொன்னது ஓர் ஓய்வைப் போல இருந்தது. அவ்வளவு களைத்திருந்தேன்.

மலச்சிக்கல், குரல் கரகரப்பு, காலையில் முகம் வீக்கம். கேட்டபோது கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். வகுப்பில் ஒரு நாள் ஒளிச்சேர்க்கை என்ற சொல் வரவில்லை. வாயைத் திறந்து நின்றேன். முன்வரிசைப் பிள்ளை எடுத்துக் கொடுத்தாள். மே மாதக் கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது டிஎஸ்எச் 41. ஐந்துக்குள் இருக்க வேண்டியது.

இவர் அவசரப் பிரிவு டாக்டருக்கு எதிர்முகாம்காரர், அலோபதி என்றாலே விஷம் என்பவர். ஆனால் இருவரும் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: உனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. இயற்கை, மரபு, மாற்று என்று எந்தப் பெயரில் வந்தாலும் பெண் உடம்பின் மீது ஓர் ஆண் சொல்வது தீர்ப்பாகிவிடுகிறது. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்ணும் அவள் குழந்தையும் வீட்டுப் பிரசவத்தில் இறந்துபோனார்கள். கணவரும், ஓர் அக்குபஞ்சர் சிகிச்சையாளரும் கைதானார்கள். செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. நான் தப்பித்தது புத்திசாலித்தனத்தால் இல்லை. தைராய்டு மெதுவாகக் கொல்கிற நோய், பிரசவம் அப்படிக் காத்திருக்காது.

அதனால் அக்குபஞ்சரையே விட்டுவிட்டேனா என்று கேட்கிறார்கள். இல்லை. இதே வைத்தியத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1938இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவின் ஐந்து பேரில் ஒருவரான பிஜய் குமார் பாசு, ஐம்பதுகளின் கடைசியில் திரும்பப் போய் இதைக் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கினார். 1970இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸில், லிங்கன் மருத்துவமனையின் ஒரு பகுதியைக் கறுப்பினப் புரட்சியாளர்களும் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் கைப்பற்றிப் போதை மீட்பு மையம் தொடங்கினார்கள். அங்கே ஊசி வந்தது. காதில் ஐந்து புள்ளி. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஊசியோடு, ஒன்றும் பேசாமல் இருப்பார்கள். அந்த ஐந்து புள்ளி முறை இன்றும் பேரிடர் முகாம்கள் வரை போகிறது. யாரும் யாருக்கும் தீர்ப்பு சொல்லாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த அறையைப் பல முறை மனதுக்குள் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர் ஜூனில் திரும்பி வந்தார். என் ரிப்போர்ட்டைப் பார்த்து முதல்முறையாகத் திட்டினார். "படிச்ச பொம்பளதான நீங்க?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மாத்திரை தொடங்கி ஆறு வாரம் கழித்து அளவு இறங்கிய பிறகுதான் படுக்கையில் ஏற்றினார்.

மாமியார் இன்னும் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் மாலை கணவர் பார்த்துக்கொள்கிறார். டாக்டர் சீட்டு மாதிரி ஒன்று இருந்ததால் அது நடந்தது. நான் கேட்டு நடந்திருக்காது, கேட்டிருக்கவும் மாட்டேன். முதல் மாதம் தினம் ஒரு சந்தேகம் கேட்டுப் போன் செய்வார். இப்போது அத்தையைத் திருப்பிப் போட அவருக்குத் தெரிகிறது. அத்தைக்கும் மகன் கை பழகிவிட்டது.

போன செவ்வாய் சிஸ்டருக்குக் காய்ச்சல். சாவியைக் கொடுத்து, "போயி படுங்க, ஃபேன் போட்டுக்குங்க," என்றார். படுத்தேன். எட்டு நிமிடத்தில் போன் அடித்தது. பவுடர் டப்பா எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "சரி, சீக்கிரம் வா, அம்மா ஒரு மாதிரி முனகுறாங்க," என்றார். வலியா என்று கேட்டேன். இல்லை, டிவி போடச் சொல்கிறார் போல என்றார்.

"ஊசி குத்தியிருக்கு. எழுந்திருக்க முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.